லாங்லைன் தூண்டிலில் சாகும் கடற்பறவைகள்: கப்பலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட கயிற்றில் தூண்டில் போட்டு மீன்பிடிக்கும் லாங்லைன் கப்பல்களில் பறவைகள் பெரும்பாலும் சாவது தூண்டிலை இறக்கும் நேரத்தில்தான். தாய்க்கயிறு பல பத்து கிலோமீட்டர் நீளும். அதிலிருந்து தொங்கும் கிளைக்கயிறுகளில் ஆயிரக்கணக்கான தூண்டில் முட்கள். இரை கோத்த முள் கப்பலின் பின்னால் விழுந்து, பறவைக்கு எட்டாத ஆழத்துக்குப் போகும்வரை கொஞ்ச நேரம் மேலேயே கிடக்கும். அதைப் பாய்ந்து விழுங்கும் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை கயிற்றோடு இழுபட்டு மூழ்கிவிடுகிறது. உலகம் முழுக்க லாங்லைனில் ஆண்டுக்குக் குறைந்தது 1,60,000 கடற்பறவைகள் சாகின்றன என்பது 2011-இல் வெளியான மதிப்பீடு.

"நம்ம கப்பலில் ஒன்றிரண்டுதானே மாட்டுது" என்று விட்டுவிடுவதுதான் எல்லாத் தவறுக்கும் தொடக்கம். மாட்டிய பறவைகள் எல்லாம் மேலே வருவதில்லை. முள்ளிலிருந்து கழன்றோ, சுறாவுக்கு இரையாகியோ கடலுக்குள்ளேயே போய்விடுபவை ஏராளம். அந்த ஒன்றிரண்டும் சிறிய இழப்பல்ல. வாண்டரிங் அல்பட்ராஸ் முதல் முட்டையிட ஏறக்குறைய பத்து வயதாகும். அதன்பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொண்டுவந்தால்தான் குஞ்சு பிழைக்கும். ஒன்று செத்தால் குஞ்சும் போய்விடும்.

அடுத்த தவறு, ஏதோ ஒரு தடுப்பு முறையை மட்டும் நம்புவது. சூரை பிடிக்கும் கப்பல்களுக்கு அல்பட்ராஸையும் அதன் உறவான பெட்ரல் பறவைகளையும் காக்கும் சர்வதேச ஒப்பந்த அமைப்பு சொல்வது மூன்றையும் சேர்த்து: எடை கட்டிய கிளைக்கயிறு, இரவில் இறக்குவது, கப்பலின் பின்னால் வண்ணப் பட்டைகள் தொங்க நீண்டு பறவை விரட்டும் டோரி கயிறு. ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும்.

எடையில் நடக்கும் பிழை அளவைவிட இடத்தில்தான் அதிகம். முள்ளிலிருந்து 3, 4 மீட்டர் தள்ளி ஈயத்தைக் கட்டினால், அந்த இடைக்கயிறு விறைக்கும்வரை முள் மெதுவாகவே இறங்கும். பறவைக்கு அந்த நேரம் போதும். அரை மீட்டருக்குள் 40 கிராம், ஒரு மீட்டருக்குள் 60 கிராம், இரண்டு மீட்டருக்குள் 80 கிராம் என்பதுதான் குறைந்தபட்ச அளவு.

இரவில் தொடங்கிவிட்டு விடிந்தபிறகும் இறக்கிக்கொண்டிருந்தால், கடைசியாகப் போகும் முட்கள் பகல் முட்கள்தான். முழுநிலா நாளில் இரவும் பாதுகாப்பில்லை. வெண்தாடைப் பெட்ரல் இருட்டிலும் இரை தேடும், ஆழத்துக்கும் முங்கும். அது மேலே தூக்கிவரும் இரையை அல்பட்ராஸ் பிடுங்க, முள் அல்பட்ராஸின் தொண்டையில் ஏறும்.

டோரி கயிற்றைத் தாழ்வாகக் கட்டினால் வண்ணப் பட்டைகள் தண்ணீரில் சீக்கிரம் விழுந்துவிடும், பின்னால் இறங்கும் முட்களுக்கு மறைப்பிருக்காது. பக்கக்காற்று அடிக்கும்போது கயிறு ஒருபுறம் ஒதுங்கிவிடும். அதைக் காற்று வரும் பக்கத்தில் கட்டினால்தான் முட்களுக்கு மேலே நிற்கும். மிதவையில் ஒருமுறை சிக்கியதும் சுருட்டி மூலையில் போட்டுவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். இழுத்தால் அறுந்துகொள்ளும் மெல்லிய இணைப்பு ஒன்று இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவுக் கடலே சான்று. 1990-களில் அங்கே ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் செத்த பறவைகள், இரவு இறக்கம், எடை, விரட்டும் கயிறு, கோடைக்காலத் தடை எல்லாம் சேர்ந்தபின் ஏறக்குறைய இல்லை என்ற நிலைக்கு வந்தன.

மீன் கழிவைத் தூண்டில் இறக்கும்போது கொட்டவே கூடாது. முள் சிக்கிய மீன் தலையை வீசுவது அதைவிடக் கொடுமை. பறவை அதை அப்படியே விழுங்கிவிடும்.

கயிற்றை மேலே இழுக்கும்போது உயிரோடு மாட்டிய பறவையைக் கயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள், வலையால் அள்ளுங்கள். துணியால் போர்த்தி, இறக்கையை உடலோடு சேர்த்துப் பிடியுங்கள். அலகைப் பிடிக்கும்போது அதன் மேலுள்ள மூக்குத்துளைகளை அடைத்துவிடக் கூடாது. முள் வெளியே தெரிந்தால் பின்னோக்கி இழுக்காமல், முனையை வெளியே தள்ளி, முனையில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை வெட்டியபின் எடுக்க வேண்டும். ஆழமாக விழுங்கியிருந்து எடுக்க முடியாவிட்டால், கயிற்றை முடிந்தவரை முள்ளுக்கருகே வெட்டுங்கள். இறகு நனைந்திருந்தால் அமைதியான இடத்தில் உலரவிட்டு, பிறகு தண்ணீரில் மெல்ல இறக்கிவிடுங்கள்.