ரப்பர் ஓய்வு மாதங்களில் பனிச்சறுக்கு: குமரி மாவட்டத்திலிருந்து குறைந்த செலவில் கற்க ஒரு வழி

பனிச்சறுக்குக் கற்கப் போகிறேன் என்றதும் எங்கள் மாமி கேட்ட முதல் கேள்வி: "அது துட்டுள்ளவன் வெளையாட்டுல்லா மக்கா, நமக்கெதுக்கு?" மாமி சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் வேல் (Vail) மாதிரி ஒரு பனிச்சறுக்கு மலையில் நெரிசலான பருவத்தில், சரிவின் மேலே கொண்டுபோய் விடும் லிஃப்டுக்கு ஒரு நாள் டிக்கெட்டே 300 டாலருக்கு மேல். ஆனால் அதே மலைக்கு சீசன் பாஸை மாதக்கணக்கில் முன்னாலேயே வாங்கி வைப்பவருக்கு நாள் கணக்கில் பார்த்தால் பல மடங்கு குறைவாகவே ஆகிறது. அன்றைக்கு வந்து கவுண்டரில் நிற்பவர்தான் முழு விலையும் கொடுக்கிறார்.

நம் நாட்டிலும் அப்படித்தான். மணாலிக்கு டூர் போய், பக்கத்திலுள்ள சோலாங் பனிச்சரிவில் வண்டியை விட்டு இறங்கி, அங்கேயே ஸ்கீக்கும் (காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகை) சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கும் மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர் நிறைய செலவழித்தும் ஒன்றும் கற்காமல் திரும்புகிறார். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் இதைக் கற்க வேண்டுமென்றால் வேறு வழியில்தான் போக வேண்டும். அந்த வழி இருக்கிறது. நம் மாவட்டத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது.

காலம்தான் முதல் காரணம். தை மாதம் ரப்பர் இலை கொட்டத் தொடங்கினால் பால் குறையும், பிறகு வெட்டையே நிறுத்திவிடுவோம். புது இலை முற்றும்வரை மரத்துக்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு. இமயமலையில் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பனி நம்பகமாக இருப்பதும் கிட்டத்தட்ட அதே வாரங்களில்தான்: ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை. டிசம்பரில் போகாதீர்கள். விடுமுறைக் கூட்டத்தால் அறை விலை ஏறியிருக்கும், பனியும் உறுதியில்லை. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பல வாரம் பனியில்லாமல் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஆகவே பிப்ரவரியில் நடுவில் வரும் வகுப்பைக் கேளுங்கள். பனி பெய்யாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, அடுத்த வகுப்புக்கு மாற்றுவார்களா என்பதையும் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு விடுங்கள்.

சரி, பணம். ஓய்வு மாதத்தில் கையில் காசு இருக்காது என்பது வெட்டுக்காரர்களுக்குத் தெரியும். பால் நன்றாகக் கிடைக்கும் ஐப்பசி, கார்த்திகையிலேயே பயணச் செலவு கையில் நிற்க வேண்டும். நான் நம்புவது சீட்டைத்தான். மாதம் மூவாயிரம் வீதம் பத்து மாதச் சீட்டு ஒன்றில் தை, மாசியில் சேர்ந்தால் ஐப்பசி, கார்த்திகையில் முடியும். ஏலச் சீட்டு என்றால் இடையில் தொகையைக் கழித்துத் தள்ளி எடுக்காதீர்கள். கடைசியில் எடுப்பவருக்கு ஏலக் கழிவில்லாமல், நடத்துகிறவரின் கமிஷன் மட்டும் போக முழுத்தொகையும் கிடைக்கும், இடைப்பட்ட மாதங்களின் லாபத்தில் பங்கும் கிடைக்கும். பதிவு செய்த சீட்டாகப் பார்த்துச் சேருங்கள். தெரிந்தவர், நல்லவர் என்பதெல்லாம் ரசீது ஆகாது. கூட்டுறவுச் சங்கத்தில் தொடர் வைப்பு போடுவதும் நல்ல வழிதான். கடன் வாங்கி மட்டும் போக வேண்டாம்.

இனி எங்கே கற்பது. அரசு நடத்தும் நிறுவனங்களின் தங்கும் வகுப்பையே தேர்ந்தெடுங்கள் என்று அடித்துச் சொல்வேன். மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, இமாசலப் பிரதேச அரசுடையது. சோலாங்கில் 14 நாள் அடிப்படை வகுப்பு நடத்துகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, ஸ்கீ, பூட்ஸ், பயிற்சி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. உத்தராகண்டில் ஔலியும் உண்டு. ஆனால் 2023-ல் அருகிலுள்ள ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்ததிலிருந்து அங்கே போக்குவரத்து முன்போல இல்லை, பனியும் பல வருஷம் ஏமாற்றுகிறது. முதல் முறை போகிறவர்களுக்கு நான் ஔலியைச் சொல்வதில்லை.

தங்கும் வகுப்பில் செலவு குறைய ஒரு முக்கியக் காரணம், அங்கே பெரும்பாலும் லிஃப்ட் இல்லாமலேயே கற்பிப்பது. சரிவில் காலால் ஏறி, ஸ்கீயில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். முதல் வாரம் பெரும்பாலும் ஏற்றம்தான். கொஞ்சம் சலிப்பாக இருக்கும், ஆனால் லிஃப்டில் மேலே போய் பயந்து நிற்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

விண்ணப்பத்தை ஆவணி, புரட்டாசியிலிருந்தே இணையத்தில் பார்த்து வாருங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். வயது வரம்பு, பெண்களுக்குத் தனித் தங்குமிடம் இதையெல்லாம் ஃபோனில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன். மணாலி பக்கத்துப் புருவா கிராமத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர் 2018-ல் துருக்கியில் நடந்த சர்வதேசப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். தென்னிந்தியரால் முடியுமா என்று கேட்டால், கர்நாடகத்தின் குடகிலிருந்து போன பவானி தெக்கடா நஞ்சுண்டா கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் பதக்கங்களை வென்றிருக்கிறார்.

ரயிலில் போங்கள். குல்மார்க் என்றால் நமக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. வாரம் ஒரு முறை கன்னியாகுமரியிலிருந்தே கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் நாகர்கோவில், குழித்துறை வழியாக ஜம்மு பக்கத்துக் கட்ராவரை போகிறது. 3,700 கிலோமீட்டருக்கு மேல். மூன்று இரவு ரயிலில் கழியும். ஸ்லீப்பர் கட்டணம் ஆயிரம் ரூபாய் சுமாருக்குத்தான் வரும். 2025 ஜூனில் செனாப் பாலம் திறந்த பிறகு கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து டாங்மார்க், டாங்மார்க்கிலிருந்து 13 கிலோமீட்டர் ஏறினால் குல்மார்க். பனி விழுந்திருந்தால் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிதான் மேலே போகும், அதைப் பங்கிட்டு எடுங்கள். மணாலி என்றால் திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி நிஜாமுதீன் போய், அங்குள்ள காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து இரவு பஸ் பிடிக்க வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். போகும் டிக்கெட்டுக்கும் திரும்பும் டிக்கெட்டுக்கும் அது தனித்தனி நாளில் திறக்கும், இரண்டையும் குறித்துவைத்து எடுங்கள். சில சமயம் ஜம்மு பக்கத்தில் மழை வெள்ளத்தால் ரயிலை இடையிலேயே நிறுத்துவதுண்டு, புறப்படுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

ரயிலில் போவதில் உடம்புக்கும் நன்மை இருக்கிறது. கடல்மட்டத்தில் வாழும் நமக்கு 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கில் முதல் நாள் தலைவலி வரக்கூடும். மெல்ல மேலே போகிறவர்களுக்கு அது குறையும். முதல் நாளில் தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஓடியாட வேண்டாம்.

எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்பதில்தான் பலர் காசைக் கரைக்கிறார்கள். ஸ்கீ, கம்பு, பூட்ஸ் வாங்கவே கூடாது. சோலாங் சாலை நெடுக வாடகைக்கு விடும் தடிமனான கோட்டும் கம்பூட்டும் பனியில் விளையாடப் போகிறவர்களுக்கு, நமக்கல்ல. உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட், நனையாத கையுறை, கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடி, சூரியக் களிம்பு, உதட்டுக் களிம்பு, கம்பளி கலந்த நீளமான சாக்ஸ் மூன்று ஜோடி. இவ்வளவு போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் விறைத்துவிடும். கண்ணாடியை அலட்சியப்படுத்தாதீர்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், மேகமூட்டமான நாளிலும் கண் எரியும்.

பூட்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதினான்கு நாளும் இனிக்குமா கசக்குமா என்பது அதில்தான் இருக்கிறது. வீட்டிலேயே ஒரு மாலைப்பொழுதில் சுவரோடு குதிகாலை ஒட்டி ஒரு தாளில் நின்று, பெருவிரல் நுனிவரை சென்டிமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். ஸ்கீ பூட்ஸின் அளவு அந்த எண்ணில்தான் இருக்கும், 25.5, 26.5 என்று. கொடுக்கும் இடத்தில் உள்ளே இருக்கும் மெத்தை உறையை உருவிவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை விடுங்கள். விரல் முன்னால் தொடும்படி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலும் கொஞ்சமும் நுழைய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். உறையைப் போட்டு மாட்டியபின் நிமிர்ந்து நின்றால் விரல்நுனி லேசாக உரசும், முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்தால் பின்வாங்கும். அதுதான் சரியான அளவு. நம்மவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் செருப்பில் நடந்து பாதம் அகன்றிருக்கும், பக்கவாட்டில் பிடிக்கும். அதற்காக இரண்டு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். குதிகால் உள்ளே தூக்கினால் ஸ்கீ சொன்னபடி கேட்காது. அகலமான ஜோடி வேண்டும் என்று கேளுங்கள், முன்பக்கக் கொக்கிகளைத் தளர்த்தி, கணுக்கால் கொக்கியை இறுக்குங்கள். சாக்ஸ் ஒன்றே ஒன்று. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கில் ஒரு எண் வைக்கும் திருகு இருக்கும், விழும்போது ஸ்கீ கழன்று காலைக் காப்பாற்றுவது அதுதான். உங்கள் எடை, உயரம், பூட்ஸின் நீளம், புதியவர் என்பதைப் பயிற்சியாளரிடம் சொல்லி அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். எடையைக் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள்.

உடம்பைத் தயார்செய்ய ஜிம் தேவையில்லை. கார்த்திகையிலிருந்து வாரம் ஒரு நாள் மருத்துவாழ்மலை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முக்கியம், தொடை முன்பக்கம் எரியும்படி மெதுவாக இறங்க வேண்டும். மற்ற நாள்களில் சொத்தவிளை கடற்கரை மணலில் நடை, வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருதல். பால்வெட்டுகிறவர்களுக்கு ஒரு படி முன்தொடக்கம் இருக்கிறது. நிறைந்த பால் வாளியோடு தோட்டத்துச் சரிவில் பக்கவாட்டில் காலைக் குறுக்கே ஊன்றி இறங்குகிறோமே, ஸ்கீ மாட்டிக்கொண்டு ஏறுவதும் கிட்டத்தட்ட அதே நடைதான். ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, மேட்டுப்பக்க ஓரத்தைப் பனியில் அழுத்தி, ஒவ்வொரு அடியாக.

முதலில் கற்பது நிற்க. இரண்டு ஸ்கீயின் முன்நுனிகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பால் பனியைச் சுரண்டினால் வேகம் குறையும். புதியவர்கள் பயத்தில் பின்னால் சாய்வார்கள். அப்போது முன்நுனி இலேசாகி ஸ்கீ கைமீறி ஓடும். கெண்டைக்காலின் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கண் ஸ்கீயைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். விழுவதென்றால் பக்கவாட்டில் உட்காருங்கள், கையை ஊன்றாதீர்கள். தலைக்கவசம் இல்லாமல் சரிவில் இறங்கவே கூடாது. பயணக் காப்பீடு எடுத்தால் சாகச விளையாட்டு அதில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பலவற்றில் சேர்ந்திருக்காது.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான். டாங்மார்க் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா குல்மார்க்கில் ஸ்கீ சாமான் கடை வைத்திருந்தார். சிறுவயதிலேயே சாமானும் சரிவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் அந்தப் பையன் அவ்வளவு தூரம் போனான் என்று நான் நினைக்கிறேன். சரிவை நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. சாமானைக் கொண்டுவரலாம்.

அதனால் போய்வந்தவர்கள் ஒரு பொது மூட்டை வையுங்கள். கையுறை, கண்ணாடி, தெர்மல், நனையாத கால்சட்டை எல்லாவற்றையும் துவைத்து, நன்றாக உலர்த்தி, நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வேப்பிலையோடு மூடி வையுங்கள். சாக்ஸை மட்டும் அவரவர் வாங்கட்டும். யார் எந்த அளவு எடுத்தார், எப்போது திருப்பினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வாடகை வாங்க வேண்டாம். எடுத்துப்போகிறவர் திரும்பி வரும்போது புதிதாக ஒரு ஜோடி கையுறையைச் சேர்த்து வைத்தால் போதும்.