கையை எடுத்துப் பார்க்காதீர்கள்: கத்திக்குத்து முதலுதவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கச்சிமடத்தில் படகுக்குப் போகும் இளைஞர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடித்த ஸ்பாஞ்சுக்குள் குழாயைச் செருகி, உயரத்தில் கட்டிய வாளியிலிருந்து சாயத் தண்ணீரை விடுவேன். ஸ்பாஞ்சில் கத்தியால் ஒரு கீறல். தண்ணீர் பொங்கும். துணி வைத்து அழுத்தி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. முதலில் வந்த தம்பி நன்றாகத்தான் அழுத்தினான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு "நின்னுருச்சாண்ணே?" என்று என்னிடமே கேட்டான். அடுத்து வந்தவனும் அப்படியே. அதற்கடுத்தவனும் அப்படியே.

ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பதறக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும், கூட்டத்தை விலக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கடலில் இருந்தால் கடலோரக் காவல் படையின் எண் 1554. அதைப் படகில் பெயிண்டால் எழுதிவையுங்கள். மற்றபடி நேராகத் தவறுகளுக்கு வருகிறேன்.

எடுத்து எடுத்துப் பார்ப்பது

பாம்பன் பக்கம் ஒரு இரவு. மீன் விற்ற காசைப் பங்கு பிரிப்பதில் தகராறு, மீன் வெட்டும் கத்தியால் தொடையில் குத்து. நாங்கள் போனபோது மணல் கறுத்துப்போய்க் கிடந்தது. அவர் கட்டியிருந்த கைலியையே சுருட்டி வைத்து அழுத்தினேன். ஒரு நிமிடம் கழித்துத் தூக்கிப் பார்த்தேன், கசிவு குறைந்திருந்தது. திரும்ப அழுத்தினேன். வண்டியில் ஏற்றியதும் மறுபடி பார்த்தேன். உச்சிப்புளி தாண்டி மூன்றாவது முறை தூக்கியபோது, ஈரல் துண்டு மாதிரி ஒரு கட்டி துணியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அதற்குப் பின்னால் ரத்தம் முன்பைவிட வேகமாகப் பாய்ந்தது. வண்டி ஓட்டிய அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கைய எடுக்காதடா!" என்று கத்தினார். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு நான்கு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அதில் பாதியாவது என் கையால் போனது என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கட்டி என்ன என்று தெரிந்தால் யாரும் துணியைத் தூக்க மாட்டார்கள். ரத்தக்குழாய் அறுபட்டதும் தட்டணுக்கள் ஓடிவந்து வெட்டுவாயில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஃபைப்ரின் என்ற நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, சிவப்பணுக்களைப் பிடித்து இறுகும். வலை பின்னுகிற வேலைதான் அது. பின்னி முடிக்கச் சில நிமிடங்கள் வேண்டும், அதுவரை ரத்தம் பாய்கிற வேகத்தை உங்கள் கை தடுத்துவைக்க வேண்டும். நூல் துணியிலும் ஒட்டியிருக்கும். துணியைத் தூக்கினால் பாதி பின்னிய வலை கிழிந்து கையோடு வந்துவிடும். உடம்பு மறுபடி முதலிலிருந்து பின்ன வேண்டும். பின்னுவதற்கான சரக்கும் ரத்தத்தில்தான் இருக்கிறது. அது வெளியே போகப் போக, இரண்டாவது வலை முதலாவதைவிடத் தளர்வாகத்தான் வரும்.

பெரிய ஆள் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். ஒன்றரை லிட்டர் போனால் ரத்த அழுத்தம் விழ ஆரம்பிக்கும், இரண்டு லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். தொடையின் பெரிய தமனி அறுந்தால் இதற்குச் சில நிமிடங்கள் போதும். எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

எப்படி அழுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துண்டோ கைலியோ சட்டையோ, கையில் கிடைத்த சுத்தமான துணி போதும். கையுறை இல்லாவிட்டால் கேரி பேக்கை மாட்டிக்கொள்ளுங்கள். ரத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று முதலிலேயே ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள், அந்தப் புள்ளியில்தான் அழுத்தம் விழ வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். முழங்கையை மடக்காமல், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, உடம்பு எடை முழுவதும் இறங்குமாறு சாய்ந்து அழுத்துங்கள். நம் பக்கத்துக்கு என்று ஒன்று உண்டு: மணலில் படுக்கவைத்து அழுத்தினால் நீங்கள் கொடுக்கும் பாரத்தில் பாதி மணலுக்குத்தான் போகும், கால் உள்ளே புதையும், காயத்தில் அழுத்தம் விழாது. அடியில் ஒரு பலகையைத் தள்ளுங்கள். மீன் பெட்டியின் மூடி போதும்.

பிறகு, பத்து நிமிடம். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். நெருக்கடியில் இரண்டு நிமிடமே இருபது நிமிடமாகத் தெரியும் என்பதால் மனக்கணக்கை நம்ப முடியாது. பக்கத்தில் நின்று "நின்னுருச்சா, நின்னுருச்சா" என்று கேட்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடமே போனைக் கொடுத்து, "அண்ணே, பத்து நிமிஷம் ஆனதும் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் ஒரு வேலையாகிவிடும், உங்களுக்கும் கை பரபரக்காது.

துணி நனைந்துவிட்டால் எடுக்க வேண்டாம், மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். அதுவும் சட்டென்று ஊறினால் அழுத்தும் இடம் தவறு என்று அர்த்தம். அப்போது மட்டும் எல்லாவற்றையும் எடுத்து, ரத்தம் வரும் வாயைக் கண்டுபிடித்து, அதன்மேல் சரியாக வையுங்கள். தொடை இடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் ஆழமான குத்து என்றால் மேலே அழுத்தினால் மட்டும் போதாது. துணியை விரலால் காயத்தின் உள்ளேயே, அடி தட்டும் வரை திணித்து நிரப்பி, அப்புறம் அழுத்த வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் இப்படித் திணிக்கக் கூடாது.

போன வகுப்பில் ஒரு தம்பி ஏழு நிமிடம் தாக்குப்பிடித்தான். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, பிறகு தூக்கிவிட்டான். பத்து நிமிடம் வரும்வரை அவனைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். அவனுக்கு என்மேல் கோபம். பரவாயில்லை.

குத்தியதைப் பிடுங்குவது

கத்தி உள்ளேயே இருந்தால் இருக்கட்டும். அறுத்த குழாயை அதுவே அடைத்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அண்டக்கொடுத்து, ஆடாமல் கட்டி, அப்படியே கொண்டுபோங்கள்.

கத்தி விஷயத்தில் இதைக் கேட்பவர்கள்கூட மீன் விஷயத்தில் மறந்துவிடுகிறார்கள். திருக்கை முள்ளின் இரு விளிம்பிலும் பின்னோக்கிய பற்கள் உண்டு, உள்ளே போனதைவிட வெளியே இழுக்கும்போது அதிகமாகக் கிழிக்கும். 2006-ல் ஆஸ்திரேலியாவில், டிவியில் முதலை பிடித்துக் காட்டிப் புகழ்பெற்ற ஸ்டீவ் இர்வின் இறந்தது மார்பில் திருக்கை முள் பாய்ந்துதான். விளக்கு வெளிச்சத்துக்குத் துள்ளும் முரல் மீனின் அலகும் இப்படித்தான், கழுத்திலோ வயிற்றிலோ ஒடிந்து நின்றால் தொடாதீர்கள். காலில் திருக்கை குத்தி ரத்தம் அதிகமில்லை என்றால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருங்கள், வலி குறையும்.

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, டீசல்

எதுவும் வேண்டாம்.

நைலான் கயிறு

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுப்போட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்துவது சரிதான். ஆனால் படகில் கைக்கு முதலில் அகப்படுவது மெல்லிய நைலான் கயிறு. அது சதையையும் நரம்பையும் அறுக்கும். அரைகுறையாக இறுக்கினால் இன்னும் மோசம். மேலோட்டமான சிரைகள் அடைபடும், ஆழத்தில் ஓடும் தமனி ரத்தத்தை இறைத்துக்கொண்டே இருக்கும், வெளியேறுவது கூடும்.

இரண்டு அங்குலமாவது அகலம் வருகிற மாதிரி துண்டை மடித்து, காயத்துக்கு மூன்று நான்கு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல் கட்டுங்கள். முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சி அவிழாமல் கட்டிவிடுங்கள். வலிக்கும், கத்துவார். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். நடுவில் தளர்த்திவிடும் பழக்கம் பழைய புத்தகங்களிலிருந்து வந்தது, அதை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் வரை கை கால் பொதுவாகத் தாங்கும்.

மார்பு, வயிறு

மார்பில் குத்து என்றால் சாய்ந்து உட்காரவையுங்கள், மூச்சு விடச் சுலபமாக இருக்கும். காயத்திலிருந்து காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டாலோ நுரை வந்தாலோ பிளாஸ்டர் போட்டு இறுக்கி மூடாதீர்கள். உள்ளே சேரும் காற்று வெளியே வர வழியில்லாமல் நுரையீரலை அமுக்கிவிடும்.

வயிற்றிலிருந்து குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளக் கூடாது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்கவையுங்கள். கடல் தண்ணீர் வேண்டாம்.

தாகத்துக்குத் தண்ணீர்

கேட்பார். கொடுக்காதீர்கள், உதட்டை மட்டும் நனையுங்கள்.

ஈரத்தோடு கிடத்துவது

இது கடலோரத்துத் தவறு. நனைந்த சட்டையோடு, காற்றடிக்கும் படகில், ரத்தம் இழந்த உடம்பு வேகமாகக் குளிரும். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் சரியாக உறையாது. ஈரத்துணியை அகற்றிவிட்டு, தார்ப்பாயோ சாக்கோ கிடைத்ததைப் போர்த்துங்கள். முதுகுக்கு அடியிலும் ஒன்று விரியுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று தயங்குவது

கேஸ் ஆகும். ஆகட்டும். போலீஸ் வரும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் உயிரைக் காப்பாற்றுவது எந்த டாக்டருக்கும், அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, கடமை. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரைக்கு இன்னும் நூறுக்கு மேல். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் உண்டு. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் அந்த நேரம் அங்கேயே கரைந்துபோகும்.

ஆஸ்பத்திரியில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: குத்து எத்தனை மணிக்கு நடந்தது, கட்டு எத்தனை மணிக்குப் போட்டது, உள்ளே துணி திணித்திருக்கிறதா. இன்னொன்று, சட்டையைக் கிழித்து எடுக்க நேர்ந்தால் கத்தி புகுந்த ஓட்டை வழியாகக் கிழிக்காதீர்கள், வேறு பக்கமாக வெட்டுங்கள். அந்த ஓட்டை பின்னால் சாட்சியாகும். சட்டையைக் கழுவாமல் ஒரு காகிதப் பையில் போட்டு நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.