ரக்பி சங்கத்தின் பேலன்ஸ் ஷீட்டும் குளச்சல் படகு நோட்டும்: கணக்கு வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை மாசம் கன்னியாகுமரி மாவட்டக் குளச்சலில் ஒரு விசைப்படகுக்காரரின் நோட்டைப் புரட்டினால் வரவுப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இன்ஜின் வேலை, வலை, பெயின்ட் என்று செலவு மட்டும் நீளும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடல் பக்கம் இருக்கும் சின்னமுட்டத்திலோ தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும், ஜூலையில் படகுகள் ஓடும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு காலண்டர். இது தெரியாதவன் குளச்சல்காரரின் நோட்டைப் பார்த்து, ஆள் நொடிஞ்சுட்டாரு என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

தேசிய விளையாட்டுச் சங்கங்களின் கணக்கை வாசிப்பவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். இங்கிலாந்தின் ரக்பி சங்கம் 2023-24-இல் 3.79 கோடி பவுண்டு செயல்பாட்டு நஷ்டம் காட்டியது. தலைப்புச் செய்தி அந்த எண்ணோடு நின்றுவிட்டது. அது நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் உலகக் கோப்பை வருடம். ஆட்டங்கள் பிரான்சில் நடந்ததால், 82,000 பேர் அமரும் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் வழக்கமான நவம்பர் போட்டிகள் இல்லை, டிக்கெட் காசும் இல்லை. அதனால்தான் அந்தச் சங்கம் நான்கு வருடத்தை ஒரே கணக்காக வைத்துப் பார்க்கிறது.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. எல்லாம் நான்கு வருடச் சுழற்சிதான் என்று தலையாட்டிவிட்டுப் போவது. தடைக்காலத்தில் வரவு இல்லாதது இயல்பு. அந்த இரண்டு மாசத்தை ஓட்ட வலையை விற்க வேண்டி வந்தால் அது இயல்பில்லை. நல்ல வருடங்களில் சேர்ந்த கையிருப்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு மிச்சம் என்று கேட்க வேண்டும். நியூசிலாந்து ரக்பி 2024-இல் சுமார் 28.5 கோடி நியூசிலாந்து டாலர் வரவு பார்த்தது. அதுவரை இல்லாத உச்சம். அப்படியும் 1.95 கோடி நஷ்டம்.

நம்மூரில் ரக்பி ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தூத்தூர் பக்கம் போய்ப் பந்து என்றால் கால்பந்துதான். ஆனாலும் நான் இந்த அறிக்கைகளை வாசிப்பதற்குக் காரணம், அவை முழுசாக வெளியே வருகின்றன. திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கால்பந்து கிளப்புக்கு மூன்று வருடம் பொருளாளராக இருந்தேன். எங்கள் கணக்கு ஒருநாளும் வெளியே வந்ததில்லை. கடன் சொல்லிப் பந்தும் ஜெர்சியும் எடுக்கும்போதெல்லாம் தலைவர் சொல்வார்: “கொடைக்கு வசூல் வரும்லா, அதுல அடச்சிரலாம்.” கோயில் திருவிழாவான கொடை வரும். வசூலும் வரும். ஆனால் அது வருவதற்கு முன்பே மூன்று முறை செலவாகியிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் இதே கதை பெரிய எண்களில் நடந்தது. 2023-இல் எடி ஜோன்ஸை ஐந்து வருட ஒப்பந்தத்தில் தேசிய ரக்பி அணிக்குப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அந்த உலகக் கோப்பையில் அணி முதன்முறையாகக் குழுச் சுற்றோடு வெளியேறியது, அவரும் அந்த வருடமே விலகினார். கையில் காசு இல்லாமல் 8 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை கடன் வாங்க ஏற்பாடு செய்தார்கள். 2024 தொடக்கத்தில் மெல்பர்ன் ரெபெல்ஸ் கிளப் திவால் நிலைக்குப் போய், அந்த சீசனோடு மூடப்பட்டது. அந்த வருடம் சங்கத்தின் பற்றாக்குறை 3.68 கோடி டாலர். அப்போது நம்பிக்கையெல்லாம், பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணியின் 2025 சுற்றுப்பயணத்தின் மேலும், 2027-இல் சொந்த மண்ணில் நடக்கும் உலகக் கோப்பையின் மேலும்தான். லயன்ஸ் அங்கே வருவது 12 வருடத்துக்கு ஒருமுறை. அந்தக் கொடை முடிந்தபிறகு எதை நம்புவது?

பங்கு விற்ற காசை வருமானம் என்று நினைப்பது இன்னொரு தவறு. 2021-இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம், ஐரோப்பாவின் ஆறு அணிகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பிப் போட்டியின் வணிக உரிமையில் ஏழில் ஒரு பங்கை, 36.5 கோடி பவுண்டு வரை கொடுப்பதாகப் பேசி வாங்கியது. தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு விட்டால் கெடு முடிந்ததும் தோப்பு திரும்பி வரும். இது ஏழில் ஒரு மரத்தை எழுதிக் கொடுத்த மாதிரி. வந்த பணத்தில் மைதானம் கட்டினார்களா, சம்பளம் போட்டார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணை விட அதிகம் கோபப்படுத்துவது நிர்வாகம். அதே இங்கிலாந்துச் சங்கத்தில், நஷ்டம் காட்டிய வருடத்தில், தலைமை நிர்வாகி பில் ஸ்வீனி 3,58,000 பவுண்டு போனஸ் உட்பட சுமார் 11 லட்சம் பவுண்டு பெற்றார். ஊழியர்கள் 42 பேருக்கு வேலை போனது. போனஸ் முன்பே முடிவான திட்டப்படிதான் கொடுக்கப்பட்டது, திருட்டு ஒன்றும் இல்லை. ஊர் ஊராகச் சொந்தக் காசில் கிளப் நடத்துகிறவர்களுக்கு அது ஆண்டறிக்கை வந்த பிறகுதான் தெரிந்தது என்பதே தகராறு. தலைவர் டாம் இலூப் டிசம்பர் 2024-இல் விலகினார். அடுத்த மார்ச்சில் ஸ்வீனி மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம்: ஆதரவு 206, எதிர்ப்பு 466. ஸ்வீனி தப்பினார்.

எங்கள் கிளப்பிலும் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து டோர்னமென்ட்டுக்குத் தலைவரின் சொந்த வேனை வாடகைக்கு எடுத்தோம். வாடகை நியாயமானதுதான். வவுச்சரில் கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து. அதைக் கேட்காமல் விட்டது என் தவறு.

ஓட்டு யார் கையில் என்று பார்க்காமல் விடுவதும் தவறு. வேல்ஸ் ரக்பி சங்கத்தில் நிர்வாகச் சீர்திருத்தம் 2022-இல் தேவையான 75 சதவீத ஓட்டு கிடைக்காமல் தோற்றது. பெண்களை நடத்திய விதம் பற்றிப் புகார்கள் வெளியே வந்து, தலைமை நிர்வாகி விலகிய பிறகு, 2023-இல் 97 சதவீதத்தோடு நிறைவேறியது. இந்தியாவில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் 2025-இல் வந்தது. நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, அதில் குறைந்தது நான்கு பெண்கள், இரண்டு சிறந்த வீரர்கள் என்கிறது. பேருக்கு உட்காரவைத்த நாலு பேரா, வங்கிக் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்களா என்பது வேறு கேள்வி.

ஒழுங்காகக் கணக்கு முடித்த சங்கமும் ரக்பியில் உண்டு. 1870-களில் கல்கத்தாவில் இருந்த ஒரு ரக்பி கிளப், உறுப்பினர் குறைந்து 1878-இல் கலைந்தது. இலவச மதுவை நிறுத்தியதும் கூட்டம் கரைந்தது என்று ஒரு பேச்சு உண்டு. வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாயை எடுத்து உருக்கி, நாகப்பாம்பு கைப்பிடியும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான் ஆடுகின்றன. எங்கள் கிளப் கலைந்த அன்று மிச்சம் இருந்தது ஒரு காற்றடிக்கிற பம்பும், கிழிந்த கோல் வலையும், ஜெர்சிக் கடைக்காரரின் பாக்கிச் சீட்டும்.