கல்லூரிச் சேர்க்கை நேர்காணலா? முதலில் உங்கள் விண்ணப்பத்தை எடுங்கள்

நான் நேர்காணலுக்குப் போனபோது விண்ணப்பத்தில் 'ஆர்வங்கள்' என்ற இடத்தில் கெத்தாக 'வானியல்' என்று எழுதியிருந்தேன். எதிரே இருந்த பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "நேற்று ராத்திரி நிலா எப்படி இருந்தது?" என்று கேட்டார். வளர்பிறையா தேய்பிறையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கருந்துளை பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு பத்தியும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. கேள்வித்தாளை நானே எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் படிக்காமல் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

படி 1: எந்த வகை நேர்காணல்?

எல்லா நேர்காணலும் ஒன்றல்ல. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் பாடம் சார்ந்தே கேட்பார்கள். புதிய கணக்கையோ ஒரு பத்தியையோ கொடுத்து, நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அங்கே படித்துவிட்டுப் போன பழைய மாணவர்கள் பேசுவார்கள். அது கிட்டத்தட்ட உரையாடல் மாதிரி. வெளிநாட்டு மருத்துவப் படிப்புகள் பலவற்றில் எம்.எம்.ஐ. (மல்டிபிள் மினி இன்டர்வியூ, அதாவது அடுத்தடுத்துப் பல குட்டி நேர்காணல்கள்) முறை உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஒரே அறையில் உட்காராமல் மேசை மேசையாக நகர்வீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சூழலைப் படித்துப் பார்க்கச் சில நிமிடம், பேசச் சில நிமிடம்.

அழைப்புக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், நேரிலா ஆன்லைனிலா? தெரியவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

படி 2: விண்ணப்பத்துக்குக் கீழே கேள்விகள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விண்ணப்பத்தை அச்செடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் போலப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே பேனாவால் மூன்று கேள்விகள் எழுதுங்கள்: என்ன செய்தேன்? எது சொதப்பியது? மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்?

'அறிவியல் மன்றச் செயலாளர்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "தலைமைப் பண்பைக் கற்றுக்கொண்டேன்" என்றால் எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். "முதல் கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டோம், அடுத்த முறை உட்கார இடமில்லை" என்று சொல்லிப் பாருங்கள். என்ன ரேடியோ, உள்ளே என்ன இருந்தது என்று அவரே கேட்பார். பேச்சு உங்களுக்குத் தெரிந்த பக்கமாக நகரும்.

எந்த வரிக்காவது மூன்று பதிலும் வரவில்லையா? அந்த வரிதான் உங்கள் நிலா. இன்றே அதைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

படி 3: ஏன் இங்கே?

உங்கள் பதிலில் இந்தக் கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிறது என்றால் அந்தப் பதில் தேறாது. "புகழ்பெற்ற நிறுவனம்", "நல்ல ஆசிரியர்கள்" எல்லாம் இந்த ரகம்தான். பாடத்திட்டத்தைத் திறந்து, இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் வரை போய், உண்மையிலேயே படிக்க ஆசைப்படும் ஒன்றிரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வாய்விட்டுச் சொல்லுங்கள்

பதில்களை வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும், ஒப்பிக்கிற குரலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பதிலுக்கு மூன்று குறிப்புச் சொற்கள் போதும்.

அப்புறம் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கவே கூச்சமாக இருக்கும். எத்தனை 'வந்து', எத்தனை 'ஆக்சுவலி' என்று எண்ணுங்கள். ஒரு பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். பிறகு உங்கள் பாடம் தெரியாத யாரையாவது உட்காரவைத்து, நடுநடுவே குறுக்கிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

படி 5: தெரியாத கேள்வி வந்தால்

கட்டாயம் வரும். "ஒரு மரத்தில் எத்தனை இலைகள்?" என்று கேட்டால் யாருக்கும் சரியான எண் தெரியாது, கேட்டவருக்கும்தான். சத்தமாக யோசியுங்கள்: "பெரிய கிளைகள் ஒரு 20 இருக்கலாம். ஒவ்வொன்றிலும் 40 சிறு கிளைகள், சிறு கிளைக்கு 50 இலைகள். அப்படியானால் 40,000. மரத்தின் வகையைப் பொறுத்து மாறும்." அவர் குறுக்கிட்டு ஒரு குறிப்புக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள், அதையும் கவனிக்கிறார்கள். வெறும் தகவல் கேள்வி என்றால் "தெரியவில்லை" என்று சொல்லிவிடலாம். சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வி அங்கேயேதான் வரும்.

படி 6: அன்றைய நாள்

உறுத்தாத, சுத்தமான உடை. சான்றிதழ்கள் கேட்ட வரிசையில். 15 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஆன்லைன் என்றால் கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரே.

முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இணையதளத்திலேயே பதில் இருக்கும் கேள்வியைக் கேட்காதீர்கள். "முதல் ஆண்டு மாணவர்கள் அதிகம் திணறுவது எந்தப் பாடத்தில்?" என்று கேட்கலாம். வெளியே வந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன், கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவைத்துவிடுங்கள். அடுத்த கல்லூரியில் பாதி இதேதான் வரும்.