பாத்ரூம் வேலை சரியில்லையா? மேஸ்திரியைக் கூப்பிடும் முன் செய்ய வேண்டியவை

மாடி பாத்ரூமைப் புதுப்பித்த மறுநாள், குளித்து அரை மணி நேரம் ஆன பிறகும் கம்மோடுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றது. "காயக் காய சரியாயிடும் சார்" என்றார் மேஸ்திரி. நம்பி மீதிப் பணத்தையும் கொடுத்தேன். அதன் பிறகு அவர் வரவே இல்லை. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, தவறிய தரை எத்தனை நாள் காய்ந்தாலும் திருந்தாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வருடம் கீழ் பாத்ரூமுக்கு வேறொருவரை வைத்தபோது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்

கூலியில் பத்தில் ஒரு பங்காவது சோதனை முடிந்த பிறகுதான் என்று வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் சண்டைதான் வரும். அப்புறம், ஒரே பேட்ச் நம்பரில் ஒரு பெட்டி டைல்ஸ் கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு போனால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.

2. நீங்களே சோதித்துப் பாருங்கள்

வாட்டம்: ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். எல்லாம் ஜாலியை (தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் மூடி) நோக்கி ஓட வேண்டும். நாலு அடிக்கு அரை அங்குலமாவது சரிவு வேண்டும். ரசமட்டமும் (மட்டம் பார்க்கும் கருவி) டேப்பும் இருந்தால் அளந்துவிடலாம்.

தட்டுதல்: ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. பொள்ளென்று கேட்டால் அடியில் காலி. கலவையை நடுவில் மட்டும் அப்பி ஒட்டினால் மூலைகள் இப்படித்தான் ஆகும். விட்ரிஃபைடு டைல் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் வெறும் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அதைப் பிடிக்காது. டைல் ஒட்டும் பசையான டைல் அட்ஹெசிவை, ஓரத்தில் பற்கள் உள்ள பல் கரணையால் இழுத்துப் பரப்பி ஒட்ட வேண்டும். காலியான டைல்களில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். எங்கள் வீட்டில் பதினொன்று தேறின.

கசிவு: மணல் நிரப்பிய துணிப் பையால் ஜாலியை அடைத்து, ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மாடியென்றால் கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் தெரிகிறதா என்று பாருங்கள். உண்மையில் இதை வாட்டர்புரூஃபிங் முடிந்ததும், டைல் ஒட்டும் முன்பே ஒருமுறை செய்ய வேண்டும். டைல் மூடிய பிறகு கசிவைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

3. படம் எடுத்து அனுப்புங்கள்

டேப் வைத்த படம், தட்டும் சத்தத்தோடு வீடியோ, எத்தனை டைல் என்ற கணக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியும் பதிவாகிவிடும்.

4. நேரில் வரவழையுங்கள்

அவருடைய ஆட்கள் முன்னால் பேசாதீர்கள். அங்கே அவருக்கு மானப் பிரச்சினை. நான் நாணயத்தைக் கையில் கொடுத்து, "அண்ணே, நீங்களே தட்டிப் பாருங்க" என்றேன். மூன்றாவது டைலில் நிறுத்திவிட்டார். "அந்தப் பக்கம் பையன் போட்டது சார்." "யார் போட்டிருந்தாலும் சரிண்ணே, எந்தக் கிழமை வர்றீங்க?" வியாழன் என்றார். வந்தார்.

இங்கேதான் உறுதியாக இருக்க வேண்டும். "மேலே கெமிக்கல் பூசிடலாம்", "ஓரத்துல சிலிகான் அடிச்சிடலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பூச்சு வாட்டத்தைத் திருத்தாது, காலியிடத்தையும் நிரப்பாது. அந்த டைலைப் பெயர்த்துத்தான் போட வேண்டும். பெயர்க்கும்போது அடியில் உள்ள வாட்டர்புரூஃபிங் கிழியலாம். அதை ஒட்டுப்போட்டு, மறுபடி தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் பணம். எங்கள் வீட்டில் மறுநாளும் தண்ணீர் பென்சில் கோட்டிலேயே நின்றது. அன்றே மீதியைக் கொடுத்தேன்.

5. வரவே இல்லையென்றால்

இந்தத் தேதிக்குள் வராவிட்டால் வேறு ஆளை வைத்து, செலவை மீதியில் கழிப்பேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். வேறொரு மேஸ்திரியிடம் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். பெரிய தொகையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கூலியை ஜிபே மாதிரி வழியில் கொடுத்திருந்தால் அங்கே கைகொடுக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.