சி.பி.கே. கூடுதல் என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வது? படிப்படியாக

ரிப்போர்ட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க கூகுளில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மும்பை செம்பூரில் இருக்கும் என் மைத்துனரின் ஆபீஸ் செக்கப் ரிப்போர்ட்டை வைத்தே சொல்கிறேன்.

முதல் படி, பெயரைச் சரியாகப் பாருங்கள். சி.பி.கே., சி.கே., கிரியேட்டின் கைனேஸ் எல்லாம் ஒன்றுதான். தசைக்குள் இருக்கும் என்சைம், தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். கிரியேட்டினின் வேறு, அது கிட்னிக்குப் பார்ப்பது. பல லேப்களில் மேல்வரம்பு 200-ஐ ஒட்டி இருக்கும், ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். உங்கள் லேப் போட்டிருக்கும் வரம்புதான் கணக்கு.

இரண்டாம் படி, லிவர் எண்களையும் சேர்த்துப் பாருங்கள். இதில்தான் எங்களுக்கு நாட்கள் வீணாயின. மைத்துனருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 92, எஸ்.ஜி.பி.டி. 64, இரண்டுமே கூடுதல். இரண்டும் லிவர் டெஸ்ட் என்ற தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்ததால் கல்லீரல்தான் என்று வீடே முடிவு கட்டியது. குடிக்காத மனிதர், அதனால் ஃபேட்டி லிவராக இருக்கும் என்றார்கள், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மறுபடி எடுத்தாலும் அதே கதை. கடைசியில் வேறொரு டாக்டர் அதே தாளில் ஜி.ஜி.டி. (இன்னொரு லிவர் என்சைம்) 22, அதாவது நார்மல், என்ற வரியில் பேனாவை வைத்து, "ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீங்க?" என்று கேட்டார். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் தசையிலும் உண்டு, ஜி.ஜி.டி. தசையிலிருந்து வராது. முதல் இரண்டும் ஏறி, ஜி.ஜி.டி.யும் பிலிரூபினும் நார்மல் என்றால் சி.பி.கே. பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மைத்துனருக்கு சி.பி.கே. 1,380 வந்தது.

மூன்றாம் படி, முந்தின வாரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். மைத்துனர் ஞாயிறுதோறும் லோனாவாலா பக்கம் கோட்டை ஏறுபவர், ரத்தம் கொடுத்ததெல்லாம் திங்கள், செவ்வாயில். மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் தசையை அதிகம் படுத்தும், ஏனென்றால் தொடைத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. சி.பி.கே. உடனே உச்சத்துக்குப் போகாது, ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் போகும். ஜிம், விழுந்த அடி, இடுப்பில் போட்ட ஊசி, வலிப்பு, வைரஸ் காய்ச்சல், குடி, கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரை, தைராய்டு குறைவு, இவையும் ஏற்றும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி, ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி இல்லாமல் இருந்து அதே லேபில் மறுபடி எடுங்கள். முழு பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள், சி.பி.கே. டோட்டல், டி.எஸ்.எச். (தைராய்டு டெஸ்ட்), கிரியேட்டினின், பொட்டாசியம் போதும் என்பது என் கருத்து. இதயத்துக்காகப் பார்க்கும் சி.பி.கே. எம்.பி. என்று தனியாக ஒன்றை லேபில் சேர்க்கச் சொல்வார்கள், இதற்கு அது தேவையில்லை. நெஞ்சுவலி இருந்தால் லேபுக்கே போகக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி.யும் ட்ரோபோனின் என்ற ரத்த டெஸ்டும் பார்க்க வேண்டும். மைத்துனருக்கு ஓய்வுக்குப் பிறகு 180.

இந்த ஒரு வாரக் காத்திருப்பு உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும்தான். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தாங்க முடியாத தசைவலி, பலவீனம் இருந்தாலோ, எண் பல ஆயிரத்தில் இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து வெளியாகும் மயோகுளோபின் என்ற புரதம் கிட்னியைக் கெடுத்துவிடும்.

பின்சேர்க்கை: ஸ்டாட்டினை நிறுத்திவிடலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வலியில்லாமல் கொஞ்சம் ஏறியிருந்தால் பெரும்பாலும் தொடரத்தான் சொல்வார்கள், மேல்வரம்பைப் போல 10 மடங்கைத் தாண்டினால் நிறுத்துவார்கள்.

இன்னொன்று, சயானிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார், சின்னப் பையனுக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கூடுதல், லிவர் பயாப்ஸி வரை பேச்சு போயிருக்கிறதாம். பையன் மாடிப்படி ஏறத் திணறினால், தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றினால், கெண்டைக்கால் பருத்திருந்தால், பயாப்ஸிக்கு முன்னால் சி.பி.கே. பார்க்கச் சொல்லி குழந்தை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். டுஷேன் என்ற பரம்பரைத் தசைநோய் பல பையன்களுக்கு இப்படித்தான் கல்லீரல் கோளாறு போலத் தெரிந்து, கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.