கோவைக்குப் பஞ்சாலை ஏன் வந்தது? தொழில் வளர்ச்சியை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் பஞ்சாலைகள் ஏன் பெருகின என்று மானுடப் புவியியலில் ஒரு கேள்வி வந்தால், பலரும் எழுதும் விடை ஒன்றுதான்: கரிசல் மண், அதில் பருத்தி, அதனால் ஆலை. இதில் பொய் இல்லை. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் கொங்கு நாட்டின் தொழில் வரலாறு பிடிபடாது. மற்ற ஊர்களையும் இதே கண்ணால் பார்க்கப் பழகிவிடுவோம். அதனால் இந்தத் தவற்றைத்தான் முதலில் களைய வேண்டும்.

மூலப்பொருள் இருந்தால் ஆலை வந்துவிடும் என்று எழுதுவது

ஜெர்மன் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர் 1909இல் முன்வைத்த தொழிலக அமைவிடக் கோட்பாட்டைப் படிக்காமல் யாரும் இந்தப் பாடத்தைத் தாண்டுவதில்லை. அதில் உள்ள முக்கியமான பாகுபாட்டைத்தான் மறந்துவிடுகிறோம். உற்பத்தியில் எடை இழக்கும் பொருளும் உண்டு, இழக்காத பொருளும் உண்டு. 100 டன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய 10 டன் சர்க்கரைதான் கிடைக்கும். மீதி 90 டன்னை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக மாட்டார்கள், அதனால் சர்க்கரை ஆலை வயலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கொட்டை நீக்கிய பஞ்சு அப்படி இல்லை. நூலாக்கினாலும் எடை பெரிதாகக் குறையாது. பஞ்சை ஆலைக்குக் கொண்டுவந்தாலும் சரி, நூலைச் சந்தைக்குக் கொண்டுபோனாலும் சரி, வண்டிக்கூலியில் பெரிய வித்தியாசம் வராது. உலகின் பருத்தித் தொழிலையே ஆண்ட இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பருத்திச் செடிகூட விளைந்ததில்லை. பெரும்பாலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து கப்பலில்தான் பஞ்சு வந்தது.

கோவையின் காலவரிசையையும் பாருங்கள். ஆங்கிலேய வணிகர் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் ஆலையைத் தொடங்கியது 1888இல். கரிசல் மண்ணும் பருத்தியும் அதற்கு முன்பே அங்கே இருந்தன. அப்படியிருந்தும் அடுத்த நாற்பது ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆலைகள் வந்தன. 1930களில்தான் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் சமவெளிக்கு இறங்கிவந்தது. கிணற்றுப் பாசனத்தில் பணப்பயிர் செய்து காசு சேர்த்த குடும்பங்களும் பருத்தி வியாபாரிகளும் ஆலைகளில் முதல் போட்டார்கள். அதே மின்சாரம் வயலுக்கும் போனது. ஆழக் கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. மோட்டாருக்கு வார்ப்படம், வார்ப்படத்துக்கு ஃபவுண்டரி, அதற்கு லேத் பட்டறை என்று ஒன்றை ஒன்று இழுத்தது. 1937இல் கோவையிலேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டினார்கள். பருத்தியை மட்டும் எழுதிவிட்டுப் போகிற விடையில் இந்தப் பம்ப்செட் கோவைக்கு இடமே இல்லை.

இன்று தமிழ்நாட்டு ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா என்று வெளியிலிருந்துதான் வருகிறது. மூலப்பொருள்தான் காரணம் என்றால் ஆலைகளும் அங்கே போயிருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சேலம். கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1970இல் உருக்காலைக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். ஆனால் 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய ஆலை, கஞ்சமலைத் தாதை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகை உருட்டித் தகடாக்கியது. பல பத்தாண்டுகள் அதுதான் அதன் வேலை. தாது இருக்கும் ஊரில் ஆலையும் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று எழுதிவிடக் கூடாது. தாதும் நிலக்கரியும் போதாத ஜப்பானும் தென் கொரியாவும் அவற்றை இறக்குமதி செய்து, கடற்கரையில் ஆலை கட்டி, எஃகில் முன்னணிக்கு வந்தன.

தட்பவெப்பத்தின் தலையில் கட்டுவது

லங்காஷயரின் ஈரக்காற்று நூல் அறுபடாமல் காத்தது என்று படித்துவிட்டு, அதையே கோவைக்கும் ஒட்டுகிறார்கள். கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெயிலைத் தணிக்கும், அவ்வளவுதான். ஆலைக்குள் வேண்டிய ஈரப்பதத்தை எந்திரம் வைத்து உண்டாக்கிக்கொள்ளலாம். சிவகாசியில் கதையே வேறு. அங்கே வறட்சி உண்மையிலேயே உதவியது, தீக்குச்சியும் பட்டாசும் காய வேண்டுமே. ஆனால் அதே அளவு வறண்ட ஊர்கள் தென்மாவட்டங்களில் நிறைய இருந்தன. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது சிவகாசிக்குத்தான். தட்பவெப்பம் இடம் கொடுத்தது. அதைப் பயன்படுத்த ஆள் வேண்டியிருந்தது.

தொடங்கிய காரணமும் நீடிக்கும் காரணமும் ஒன்றே என்று நினைப்பது

இந்தத் தவறு கண்ணுக்கு எளிதில் படாது. ஒரு தொழில் ஓர் ஊருக்கு எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. வந்தது ஏன் போகவில்லை என்பது வேறு கேள்வி.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். உள்ளூர்ச் சந்தைக்கு வெள்ளை பனியன் நெய்த ஊர், 1970களின் பிற்பாதியிலிருந்து ஏற்றுமதிக்குத் திரும்பியது. இன்று ஒரு டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் பிடித்தவர் எல்லா எந்திரத்தையும் தானே வாங்க வேண்டியதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், பேக்கிங் எல்லாமே சில கிலோமீட்டருக்குள் ஜாப் ஒர்க்காகக் கிடைக்கும். ஊசி உடைந்தால் பக்கத்துத் தெருவில் வாங்கலாம். டெய்லர் வேண்டுமென்றால் அன்றைக்கே ஆள் வருவார். இதைத்தான் திரட்சிப் பயன் என்று பாடத்தில் படிக்கிறோம். இந்தப் பின்னலைப் பெயர்த்து வேறு ஊரில் நடுவது லேசில் முடியாது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசி ஆலை வேறு வகை. 2006இல் உற்பத்தி தொடங்கியது, 2014இல் மூடப்பட்டது. வரிச்சலுகை, துறைமுகம், விமான நிலையம் ஆகியவற்றைப் பார்த்து வந்த ஆலை அது. பாகங்கள் செய்துகொடுத்த நிறுவனங்களும் அந்த ஒரே வாங்குநரை நம்பியே இருந்தன. அது மூடியதும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். அதே சமயம், ஆலை மூடினால் அந்த வட்டாரமே முடிந்தது என்று எழுதுவதும் தவறு. சாலையும் மின்சாரமும் பழகிய தொழிலாளர்களும் அங்கேயே இருந்தார்கள். அதே வளாகத்தைப் பின்னர் கைபேசி சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. ஐபோன் பொருத்தும் வேலையும் அந்த வட்டாரத்துக்கு வந்தது.

எல்லா நாடும் ஒரே படிக்கட்டில் ஏறும் என்று நம்புவது

நாடுகள் மரபு வேளாண் நிலையிலிருந்து பெருநுகர்வு நிலை வரை ஏறுவதாகப் பொருளியலாளர் ரோஸ்டோ சொன்ன ஐந்து கட்டங்களை (1960) மனப்பாடம் செய்வதில் தப்பில்லை. அதை இயற்கை விதி போல எழுதுவதில்தான் சிக்கல். இந்தியாவில் உழைப்போரில் சுமார் 45 சதவீதம் பேர் இன்னும் வேளாண்மையில் இருக்கிறார்கள். நாட்டு வருமானத்தில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மிகப் பெரிய பங்கு சேவைத் துறையுடையது. இது எந்தப் படி? அதோடு, படிக்கட்டு உருவகம் ஒவ்வொரு நாடும் தனித்தனியாக ஏறுவதாகக் காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் துணி ஏறியபோதுதான் இங்கே கைத்தறி நெசவாளர்களின் பிழைப்பு இறங்கியது. இன்றைக்கும் அந்தக் கட்டு அறுபடவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன.

வருமானத்தை மட்டும் வைத்து வளர்ச்சி என்று சொல்வது

வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீடு 1990லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டைவிட ஆலைகள் குறைந்த கேரளம் அந்தக் குறியீட்டில் முன்னால் நிற்பதும் தெரிந்ததே. ஆனாலும் தொழில் வளர்ச்சி என்றதும் ஏற்றுமதிக் கோடிகளைத்தான் முதலில் எழுதுகிறோம். அந்தக் கோடிகள் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டவை என்பதைப் புவியியல் படிப்பவர் கேட்காமல் விடக் கூடாது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. திருப்பூரில் ஏற்றுமதி ஏறிய அதே ஆண்டுகளில் சாயப்பட்டறைக் கழிவு அந்த ஆற்றில் ஓடியது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. எந்த உழவர்களுக்காக அணை கட்டினார்களோ, அவர்களே அதன் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. உப்பேறிய கிணறும், காய்க்காத தென்னையும், குடிக்க முடியாத நிலத்தடி நீரும் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் கழிக்கப்படவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிப்பவை மட்டுமே மீண்டும் ஓடலாம் என்றானது. உழவர்கள் பல ஆண்டுகள் வழக்கு நடத்திய பிறகே இவ்வளவும் நடந்தது.

வருமானமும் மாவட்ட எல்லைக்குள் அடங்குவதில்லை. தையல் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் கூலியில் ஒரு பகுதி அவர்கள் கிராமங்களில் கூரை மாற்றுகிறது, கடன் அடைக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து நூற்பாலை விடுதிகளுக்கு வந்து தங்கி வேலை செய்யும் இளம்பெண்களின் சம்பளமும் அப்படித்தான் ஊர் போகிறது. அவர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், விடுதிக்கு வெளியே போக முடிகிறதா, படிப்பைத் தொடர முடிகிறதா என்பவற்றையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும். திருப்பூர் மாவட்டத்தின் தனிநபர் வருமானம் என்று ஒரே எண்ணை எழுதினால், கீழ்மடை உழவரின் நட்டமும் அதில் வராது, ஒடிசாவுக்குப் போன பணமும் வராது. அந்த எண்ணை எழுதுங்கள், பக்கத்திலேயே நொய்யல் வடிநிலத்தையும் தொழிலாளர் வரும் வழிகளையும் வரைந்து காட்டுங்கள்.